சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு: நம் கணக்கு யார் கையில்?

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, நிகழ்ச்சி தவறாமல் சுவரொட்டி செய்து இணையத்தில் ஏற்றும் தொண்டூழியர்களே,

வணக்கம். ஈசூனில் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்லும் சிறு குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் சமூக ஊடகக் கணக்கை இழந்தோம். யாரும் திருடவில்லை. கணக்கைத் தொடங்கிய அக்கா ஊருக்கே திரும்பிவிட்டார், அவருடைய சிங்கப்பூர் எண்ணும் போய்விட்டது. ஒரு நாள் அந்தத் தளம் திடீரென்று அடையாளம் கேட்டு, அந்தப் பழைய எண்ணுக்கே ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் மறைச்சொல்லை, அனுப்பியது. அவ்வளவுதான். ஏழு ஆண்டுப் படங்கள், பிள்ளைகள் கூச்சம் விட்டுக் கதை சொன்ன காணொளிகள், எல்லாம் இன்னும் ஊருக்கே தெரிகின்றன. எங்களால்தான் உள்ளே போக முடியவில்லை. முறையீட்டுப் படிவத்தை நான்கு முறை நிரப்பினோம். மனிதர் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நம் நிகழ்ச்சிகளின் வரலாறு முழுவதையும் ஓரிரு நிறுவனங்களின் வீட்டில் வாடகைக்கு வைத்திருக்கிறோம். சாவியோ யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில்.

கைத்தொலைபேசியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்டெல் எண்ணிலிருந்து ஸ்டார்ஹப் எண்ணுக்குப் பேசுகிறோம். 2008 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறவும் முடிகிறது. சமூக ஊடகத்திலும் இது நடக்கக்கூடியதே. மாஸ்டடான் என்ற சமூக ஊடகம் 2016இல் வந்தது. அது ஒரே நிறுவனத்தின் தளமில்லை. கணக்குகளையும் பதிவுகளையும் வைத்திருக்கும் கணினிகளான வழங்கிகள் (சர்வர்கள்) ஆயிரக்கணக்கில் உள்ளன, அவற்றைத் தனித்தனி ஆட்கள் நடத்துகிறார்கள். 2018இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் என்ற, எல்லாருக்கும் பொதுவான தகவல் பரிமாற்ற நெறிமுறையால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு வழங்கி பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம், பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் வராது என்பது உண்மையான குறை. ஆனால் அவற்றின் நகலை நாமே இறக்கி வைத்துக்கொள்ளலாம். புளூஸ்கை என்ற இன்னொரு சமூக ஊடகத்தில் சொந்த இணைய முகவரியையே பயனர் பெயராக வைக்கலாம். அமைப்பின் டாட் எஸ்ஜி முகவரியைப் பார்த்ததுமே அது நீங்கள்தான் என்று தெரிந்துவிடும்.

வழங்கி நடத்துவது சும்மா இல்லை. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும், வம்பர்களை விலக்க வேண்டும், மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஒரு சிறு குழுவால் தனியாக முடியாது. ஐந்தாறு அமைப்புகள் சேர்ந்தால் முடியும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா என்றால் ஒரே மாதத்தில் எத்தனை நிகழ்ச்சிகளைக் கைகோத்து நடத்துகிறோம்! ஒரு வழங்கியைச் சேர்ந்து நடத்துவது அதைவிடக் கடினமா என்ன?

சரி, உள்நுழைவுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். 2021 டிசம்பரில் போலிக் குறுந்தகவலை நம்பி ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், டிஜிட்டல் டோக்கன் (கைத்தொலைபேசியிலுள்ள வங்கிச் செயலியிலேயே உள்நுழைவை உறுதிப்படுத்தும் வசதி) வைத்திருப்பவர்கள் வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபியைப் பயன்படுத்துவது படிப்படியாக நிறுத்தப்படும் என்று அறிவித்தன. வங்கிகளே கைவிடும் வழியை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மறைச்சொல்லுக்குப் பதிலாக, உங்கள் சாதனத்தில் இருக்கும் ரகசியச் சாவியால் உள்நுழைய வைப்பது பாஸ்கீ. அந்த வசதி உள்ள இடத்தில் அதற்கு மாறுங்கள். அதன் ரகசியச் சாவி ஓடிபியைப் போலப் பார்த்துத் தட்டச்சு செய்யும் எண் இல்லை, ஏமாந்து யாரிடமும் சொல்லிவிட முடியாது. உண்மையான தள முகவரியோடு பிணைந்திருப்பதால் போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. வசதி இல்லாத இடத்தில், உள்நுழைவு எண்ணைக் கைத்தொலைபேசியிலேயே உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலி போதும். மற்ற வழி அடைபட்டால் கணக்கைத் திறக்கத் தளம் தரும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, செயலாளரும் பொருளாளரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைத் தனிமனிதரின் மின்னஞ்சலில் தொடங்காமல் அமைப்பின் மின்னஞ்சலில் தொடங்குங்கள். அப்புறம், அடையாள அட்டை எண்ணை எதற்கும் மறைச்சொல்லாக வைக்காதீர்கள், உறுப்பினர்களையும் அப்படி வைக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நம் கணக்கின் ஓடிபி இப்போது யாருடைய எண்ணுக்கு வருகிறது? பதில் தெரியாவிட்டால் அன்றிரவே அதை மாற்றிவிடுங்கள். கூட்டு வழங்கிக்கு இரண்டு அமைப்புகள் முன்வந்தாலும் போதும், அதை அமைத்து முதல் ஓராண்டு பராமரிக்கும் வேலையை நானும் என் குழு நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தொண்டூழியர்