வீசிங் உள்ள பிள்ளையையும் விளையாட விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஆஸ்துமா. ஓடாதே, பனியில் நிற்காதே, கடலில் இறங்காதே என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லியே, ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை அலையில் கால் நனைக்கவே யோசிக்கிறாள். பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளின் செருப்புக்குக் காவல் இருக்கிறாள். மூச்சிரைப்பைவிட இதுதான் அவளை வாட்டுகிறது.

நோய் கட்டுக்குள் இருந்தால் ஓடலாம், நீந்தலாம். தடுப்பு இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) வைத்துத் தினமும் இழுக்க வேண்டும், மூச்சு முட்டினால் எடுக்கும் நீல இன்ஹேலர் எப்போதும் பையிலேயே இருக்க வேண்டும். ஆனால் பள்ளியில் அதை வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். இரைப்பு வரும்போது சாவியைத் தேடுவதா? இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற வீண் பயம் வேறு.

தடுக்க வேண்டியது புகையை. சீமைக்கருவேல மூட்டம் போட்டுக் கரி எடுப்பது நம் மாவட்டத்தில் பலருக்குப் பிழைப்பு, சரி, அதை நிறுத்தச் சொல்லவில்லை. பள்ளிக்கும் வீடுகளுக்கும் பக்கத்தில் மூட்டம் போடாமல், குப்பையைக் கொளுத்தாமல் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒருமுறை பள்ளிக்கு வந்து, இன்ஹேலர் கொடுக்கும் முறையை ஆசிரியர்களுக்குக் காட்டித்தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், மண்டபம்