தீம் பார்க் ஃபுட் ஃபெஸ்டிவலுக்கு சேலை வேண்டாம்னு யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல அமெரிக்கா டூர் போறவங்களுக்குன்னு குறிப்புகள் போட்டிருந்தீங்க. விசா, இன்சூரன்ஸ், சிம் கார்டுன்னு எல்லாம் விவரமா இருந்துச்சு, ஆனா டிரஸ் பத்தி ஒரே ஒரு வரி, பெண்கள் பேன்ட், டாப்ஸ் போட்டுக்கறது வசதின்னு. அதே மாதிரி ஒரு பேச்சைக் கேட்டு முன்னாடி என் அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனாலதான் எழுதுறேன்.

சில வருஷம் முன்னாடி அக்காவும் நானும் ஒரு டூர் குரூப்ல ஃப்ளோரிடா போனோம். கிளம்புறதுக்கு முன்னாடி மீட்டிங் வெச்ச டூர்க்காரர் சேலையெல்லாம் வேண்டாம்மா, தடுக்கி விழுவீங்க, அங்க ஒரு மாதிரி பாப்பாங்கன்னு சொல்லிட்டார். அக்காவுக்கு அப்போ அறுபது தாண்டியாச்சு, கல்யாணம் ஆனதுலேர்ந்து சேலையைத் தவிர வேற எதையும் உடுத்தினதில்ல, அவ போயி மூணு பேன்ட் வாங்கிட்டு வந்தா. அங்க எப்காட்னு டிஸ்னியோட தீம் பார்க் ஒண்ணு இருக்கு, அதுல இருந்த அந்த ஒரு நாள் பூரா ரெண்டு கையாலயும் டாப்ஸை கீழ இழுத்து விட்டுக்கிட்டே நடந்தா. சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுத்தா ஒரு கைதான் நீட்டுவா, இன்னொரு கை டாப்ஸ் ஓரத்தை விடவே விடாது. போட்டோ எடுக்கும்போது எல்லாருக்கும் பின்னாடி போயி நின்னுக்கிட்டா. அந்த டிரிப்ல எடுத்த படத்துல எதுலயும் அவ இடுப்புக்குக் கீழ தெரியாது. அவ்வளவு செலவு பண்ணி போயிட்டு அவ பாத்தது பாதி தரையைத்தான்.

அதுக்கு அடுத்த தடவை நான் மட்டும் என் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன், கோவிட்டுக்கு முந்தின ஒரு செப்டம்பர். எப்காட்ல வருஷா வருஷம் ஃபுட் அண்ட் ஒயின் ஃபெஸ்டிவல் நடக்கும். அங்க ஒரு ஏரியைச் சுத்தி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜப்பான், மொராக்கோன்னு 11 நாட்டு பெவிலியன், அதாவது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு அரங்கு இருக்கு, ஃபெஸ்டிவல் சமயத்துல அந்தப் பாதை நெடுக சின்னச் சின்ன கடையா போட்டு ஒவ்வொரு ஊர் சாப்பாடும் ரெண்டு வாய் அளவுக்கு தட்டுல கொடுப்பாங்க. அது எல்லாருக்கும். அதுக்குள்ளயே ராத்திரி நேரத்துல தனி டிக்கெட் வாங்கி போற பார்ட்டி ஒண்ணு இருந்துச்சு, பார்ட்டி ஃபார் தி சென்சஸ்னு பேரு, வேர்ல்டு ஷோபிளேஸ்ங்கற பெரிய ஹால்ல. நிறைய செஃப்புங்க ஆளுக்கொரு மேஜை போட்டு நிப்பாங்க, நாம ஒவ்வொரு மேஜையா போயி டேஸ்ட் பண்ணணும். பொண்ணு அதுக்கு டிக்கெட் எடுத்துட்டா. எடுத்த அன்னிக்கே எனக்குள்ள அக்கா ஞாபகம்தான், என்னத்த உடுத்திக்கிட்டு போறதுன்னு.

விஷயம் என்னன்னா இது ஹோட்டல் பார்ட்டியும் கிடையாது, வெறும் பார்க்கும் கிடையாது. ஹோட்டலா இருந்தா கார்லேர்ந்து இறங்கி நேரா ஹாலுக்குள்ள போயிடலாம், பட்டும் ஹீல்ஸும் தாங்கும். இங்க முதல்ல பார்க்குக்குள்ள நடக்கணும், வெயில்ல வேர்க்கணும், மழை வந்தா நனையணும், அப்புறம் ஏசி ஹால்ல போயி நின்னுக்கிட்டே சாப்பிடணும். ஒரே டிரஸ் இத்தனையையும் தாங்கணும். ஹாலுக்குள்ள பாத்தா பளபளன்னு காக்டெயில் டிரஸ்ல வந்தவங்களும் இருந்தாங்க, சாதா சட்டையில வந்தவங்களும் இருந்தாங்க, யாரும் யாரையும் பாக்கல, எல்லார் கண்ணும் தட்டு மேலதான்.

பார்க்குக்குன்னு டிரஸ் ரூல் இருக்கு, அதை மட்டும் எல்லாரும் படிச்சுட்டுப் போகணும். தரையில படுற, இழுபடுற உடுப்பு கூடாதுன்னு அதுல இருக்கு, 14 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க காஸ்ட்யூம் (வேஷ உடுப்பு) போடக்கூடாதுன்னும் இருக்கு. இதை அரைகுறையா கேட்டுட்டு சேலையையே உள்ள விடமாட்டாங்கன்னு சொல்றவங்க இருக்காங்க. சேலை காஸ்ட்யூம் இல்ல, அது நம்ம உடுப்பு. நான் சேலையிலதான் போனேன், கேட்டுல யாரும் ஒரு வார்த்தை கேக்கல. தரையைத் தொடாம கட்டுறது நம்ம கையிலதான் இருக்கு. செருப்பை மாட்டிக்கிட்டு அப்புறம் சேலை கட்டணும், கொசுவம் தரையிலேர்ந்து ரெண்டு விரல்கடை மேல நிக்கிற மாதிரி. வீட்டு விசேஷத்துக்கு பாதம் மறைய கட்டுற மாதிரி அங்க கட்டினா ரூலும் இடிக்கும், தடுக்கவும் செய்யும், டூர்க்காரர் சொன்னதுல அந்த ஒண்ணு மட்டும் நிஜம்.

என் பொண்ணு முந்தின நாள் ராத்திரி ஒரு வேலை பண்ணா, அதை இங்க எழுதியே ஆகணும். அம்மா சேலையைக் கட்டிக்கிட்டு வான்னா. இடது கையில ஒரு தட்டைக் கொடுத்தா, வலது கையில தண்ணி டம்ளர், இப்ப ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடம்மான்னா. நான் எப்பவும் முந்தானையை ஒத்தையா விட்டு இடது கை மேல போட்டுக்கறவ. தட்டைத் தூக்கினதும் அந்த முந்தானை அப்படியே சரிஞ்சு தட்டுக்குள்ள வந்து விழுந்துச்சு. கையில எடுத்து விடலாம்னா ரெண்டு கையிலயும் சாமான். வீட்டுல தட்டை வெக்க இடம் இருக்கு, அங்க கூட்டத்துல எங்க வெக்கிறது? உடனே முந்தானையை மடிப்பா எடுத்து தோள்ல ரெண்டு பின் குத்தி, நுனியைப் பின்னாலேர்ந்து சுத்திக் கொண்டுவந்து வலது இடுப்புல சொருகி விட்டா. மறுபடி நடந்தேன், ஒண்ணும் அசையல. ஹேண்ட்பேக்கும் கையில பிடிக்கிறது வேண்டாம்னு நீள வார் வெச்ச சின்ன பை, வலது தோள்லேர்ந்து குறுக்கா. எந்த டிரஸ்ஸா இருந்தாலும் இந்த டெஸ்ட்டை வீட்டுல பண்ணிப் பாத்துடுங்க, தொங்குற ஸ்லீவ், துப்பட்டா, நீளச் செயின் எல்லாத்துக்கும் இதே கதிதான்.

துணி விஷயத்துல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல, கனமான பட்டு வேண்டாம். ஒயினும் சாஸும் கையில வெச்சுக்கிட்டு ஆளுங்க இடிச்சுக்கிட்டு போற இடம், ஒரு சொட்டு பட்டா போச்சு. கஞ்சி போட்ட காட்டன் பாக்க அழகு, ஆனா அங்க செப்டம்பர்ல மத்தியானம் முப்பத்திரண்டு முப்பத்திமூணு டிகிரி, புழுக்கம் வேற, சாயங்காலம் இடியோட மழை எப்ப வேணா கொட்டும், நனைஞ்ச காட்டன் சேலை கால்ல ஒட்டிக்கிட்டு காயவே காயாது. நான் கட்டினது கரும்பச்சையில பூப்போட்ட கிரேப் சேலை. பார்க்கிங்லேர்ந்து கேட்டுக்கு வர்றதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு, கீழ ஒரு சாண் நனைஞ்சது, ஹாலுக்குள்ள போயி கொஞ்ச நேரத்துல காஞ்சே போச்சு. உள்ள ஏசி குளிருக்கு ஒரு மெல்லிசு ஷால் இருந்தா போதும்.

செருப்புதான் பாதி தீர்மானம். அந்த ஏரியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாலே கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர், முன்கேட்டுலேர்ந்து ஏரிக்கு வர்றது தனி. இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. பார்க்குக்கு பின்பக்கம் இன்னொரு கேட் உண்டு, இன்டர்நேஷனல் கேட்வேன்னு, பிரான்ஸ் பெவிலியனுக்கும் இங்கிலாந்து பெவிலியனுக்கும் நடுவுல. பார்ட்டி நடந்த ஹால் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் நடுவுல. அப்ப அந்த கேட் வழியா வந்தா நடையே கம்மி. 2019லேர்ந்து ஸ்கைலைனர்னு கேபிள் காரும் அங்கயே வந்து இறக்கி விடுது. எந்த வழியா உள்ள போறோம்னு தெரிஞ்சுக்கிட்டு செருப்பை எடுங்க. எப்படி வந்தாலும் ஊசி ஹீல்ஸ் வேண்டாம், பின்னாடி வார் வெச்ச, ஏற்கனவே காலுக்குப் பழகின தட்டை செருப்பு போதும். புதுச் செருப்பை அன்னிக்குத்தான் முதல்ல போடுறது பெரிய தப்பு.

ஆம்பளைங்களுக்கு ரொம்ப யோசிக்க ஒண்ணுமில்ல, காலர் வெச்ச சட்டை, காட்டன் பேன்ட், ஷூ, மாப்ள அப்படித்தான் வந்தார், டை கட்டினவங்களை ரெண்டு மூணு பேரைத்தான் பாத்தேன்.

ஜீன்ஸ் பழகினவங்க ஜீன்ஸே போடட்டும், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நாப்பது வருஷமா சேலையில பஸ் ஏறி, மாடிப்படி ஏறி, பந்தி பரிமாறி பழகின உடம்புக்கு திடீர்னு ஒரு நாள் பேன்ட் மாட்டி விட்டா அது வசதியா எப்படி இருக்கும்? அவங்களுக்கு பழகினதை எப்படி அந்த இடத்துக்கு ஏத்த மாதிரி கட்டிக்கறதுன்னு எழுதுங்க, உயரம், பின், செருப்பு, துணி, இந்த நாலு விஷயத்தைப் போட்டாலே போதும். அடுத்த தடவை இணைப்புல டூர் குறிப்பு வரும்போது அந்த ஒரு வரியை எடுத்துட்டு இதுக்கு கொஞ்சம் இடம் ஒதுக்கணும்னு கேட்டுக்கறேன்.

அக்கா இந்த வருஷம் மறுபடி கிளம்புறா, அவ பையன் ஃபெஸ்டிவலுக்கு கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். உங்க குறிப்பைப் படிச்சுட்டு பழைய பேன்ட்டை பீரோவிலேர்ந்து எடுத்து வெச்சிருந்தா. நான் போயி அதைத் திரும்ப உள்ள வெச்சுட்டு ரெண்டு கிரேப் சேலையை எடுத்து வெளிய வெச்சிருக்கேன். இப்ப தினம் சாயங்காலம் புதுச் செருப்பை மாட்டிக்கிட்டு தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வர்றா.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி