‘மாட்டேன்’ என்று சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் முட்டுச்சந்தாக முடியும் ஒரு சின்னத் தெருவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவின் மழைநீரையும் சாக்கடையையும் பார்த்துக்கொள்ளும் உங்களில் ஒருவருடைய பெயரையும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. திட்டும்போது பெயர் கேட்கத் தோன்றுவதில்லை. உங்கள் பணிமனையில் யாராவது இதைப் படித்துக் காட்டினால் போதும். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் மஞ்சள் மழைக்கோட்டுத் தம்பிக்கு. 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் கரைக்கும் வராமல், விலகியும் போகாமல் சென்னைக்கு எதிரே கடலில் ஊர்ந்துகொண்டிருந்த நாள். நகரின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவில் முழங்காலைத் தாண்டித் தண்ணீர். மின்சாரம் முந்தின இரவே போயிருந்தது. நாலைந்து பேர் கடப்பாறையோடு தெரு நடுவில் பாதாளச் சாக்கடை மூடியைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். நான் குடை பிடித்தபடி, “வேப்ப மரத்துக்கு நேரே பாருங்கள்” என்று வாசலிலிருந்து வழி காட்டினேன். மூடியை நெம்பிவிட்டால் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும். 2015 வெள்ளத்திலும் அப்படித்தான் செய்தோம், 2021 நவம்பரிலும் அப்படித்தான் செய்தோம்.

நீங்கள் வந்து அந்த மூடியின் மேல் ஏறி நின்றுகொண்டீர்கள். “திறக்க விட மாட்டேன் அம்மா” என்றீர்கள். என்னென்னவோ சொன்னேன். “உன் வீட்டில் தண்ணீர் வந்தால் தெரியும்” என்றதுதான் அதில் மோசமானது. “வந்துவிட்டது அம்மா. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்துவிட்டுத்தான் வருகிறேன்” என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. அதற்குப் பிறகு கடப்பாறைக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன், மன்னிப்புக் கேட்க வாய் வராமல். இப்போது கேட்கிறேன்.

அன்று மழைச் சத்தத்தில் கத்திக் கத்தி நீங்கள் விளக்கியதை எங்கள் தெருவில் இன்னமும் பலர் அறிய மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன். சென்னையில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. தெரு ஓரத்து வடிகால் மாநகராட்சியுடையது. அது கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகிறது. நடுத்தெரு மூடிக்குக் கீழே ஓடுவது குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்க் குழாய். அது உந்து நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மோட்டாரால் தள்ளப்பட்டு, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்றுக்குச் சேர வேண்டும். ஊர் தட்டையாக இருப்பதால் மோட்டார் இல்லாமல் கதை நடக்காது. மூடியைத் திறந்து தெருத் தண்ணீரை உள்ளே விட்டால் மோட்டாரால் இழுக்க முடியாது. இழுக்க முடியாதது திரும்பி வரும். எங்கே வரும்? தாழ்வான வீட்டின் கழிப்பறையில். 2015இலும் 2021இலும் எங்கள் தெருக் கீழ்வீடுகளில் கழிப்பறை பொங்கியது. மூடியைத் திறந்ததையும் இதையும் நாங்கள் ஒருநாளும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

நான் கணக்குப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தவள். கூட்டிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். எங்கள் மொட்டைமாடி ஆயிரம் சதுர அடி. அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர், அதாவது வெயில் காலத்தில் நாம் காத்துக் கிடக்கும் ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று நிறைய. தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்து, அதில் 80 விழுக்காடு சாக்கடைக்குப் போவதாகத்தான் குழாய்களைத் திட்டமிடுகிறார்கள். ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு அது 540 லிட்டர். மாடித் தண்ணீர் தவறான குழாயில் இறங்கினால், பதினேழு நாள் கழிவுநீரை ஒரே நாளில் தள்ளியது போல.

இறங்கிக்கொண்டுதான் இருந்தது, எங்கள் வீட்டிலிருந்தே. அடுத்து நன்றி சொல்ல வேண்டியது, 2024 ஏப்ரலில் வாளியும் காவிப் பொடியுமாக வந்த உங்கள் இருவருக்கும். மாடியில் மழைநீர்க் குழாயின் வாயில் காவித் தண்ணீரை ஊற்றினீர்கள். ஒருவர் கீழே சாக்கடை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து, “சிவப்பு வருது” என்று குரல். எனக்குக் காது சுட்டது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது முதல் ஆளாகக் குழி தோண்டிய வீடு எங்களுடையது. பிறகு வாசலில் கல் பதித்தபோது பிளம்பர் அந்தக் குழாயைச் சாக்கடைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். “இப்படி விட்டால் வாசலில் தண்ணீர் நிற்காது” என்று அவர் சொன்னதும், நான் தலையாட்டியதும் நினைவிருக்கிறது. தெருவின் இருபத்தாறு வீடுகளில் பதினொன்றில் இதே கதை. நலச் சங்கச் செயலாளர் வீட்டில் முதலில் பிடிபட்டது நல்லதாகப் போயிற்று. மற்ற பத்து வீட்டுக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. மே மாதத்துக்குள் எல்லாக் குழாய்களையும் உறைகிணற்றுக்கும் குழிகளுக்கும் திருப்பிவிட்டோம்.

இன்னொரு ‘மாட்டேன்’ அதே ஏப்ரலில். குழாய் அடைத்து இரண்டு நாளாகச் சாக்கடை தெருவில் வழிந்தது. நாற்றம் தாங்காமல் ஒரு பெரியவர், “ஓர் ஆளை உள்ளே இறக்கினால் ஐந்து நிமிட வேலை. ஐந்நூறு ரூபாய் நான் தருகிறேன்” என்றார். மேற்பார்வையாளரான நீங்கள், “ஐயா, உள்ளே விஷவாயு இருந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு உயிர் போகும். இறங்கியவனும், அவனைத் தூக்கப் போனவனும்” என்றீர்கள். இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. அதைச் சொல்லியிருந்தால் பெரியவர் வழக்கறிஞரை அழைத்திருப்பார். அதிக அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் வண்டி வர நான்கு மணி நேரம் ஆயிற்று. நாங்கள் முணுமுணுத்தோம், நீங்கள் டீ வாங்கிக் குடித்துவிட்டுக் காத்திருந்தீர்கள். குழாயிலிருந்து வந்தது சிமென்ட் கலவைப் பாளம், துணி, நாப்கின்கள். எல்லாம் எங்கள் தெருவின் சரக்குதான்.

உதவிப் பொறியாளர் அம்மாவுக்கும் எழுத வேண்டும். தெருவை ஓர் அடி உயர்த்தித் தாரிடச் சொல்லி நாற்பது கையெழுத்தோடு மனு கொண்டுவந்தோம். “உயர்த்த மாட்டோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போடுவோம்” என்றீர்கள். கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து என் வாசற்படிகளை எண்ணிப் பார்த்தேன். கல்யாணமாகி வந்தபோது ஐந்து படி ஏறினேன். இப்போது வெளியே தெரிவது இரண்டு. மூன்று படிகளைத் தார் விழுங்கியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியவர்களும் நாங்கள்தான்.

நீங்கள் சொன்ன இன்னொன்றும் மனத்தில் நிற்கிறது: “தெரு வடிகால் எத்தனை பெரிதாக இருந்தாலும் அதை மாம்பலம் கால்வாய் வாங்க வேண்டும், கால்வாயை அடையாறு வாங்க வேண்டும், அடையாற்றைக் கடல் வாங்க வேண்டும்.” கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் மழையும் கொட்டினால் வாங்குவதற்கு ஆளில்லை. 2021 நவம்பரில் ஒரே இரவில் 21 சென்டிமீட்டர் பெய்த பிறகு, ஓய்வுபெற்ற ஆட்சிப் பணி அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தார்கள், வடிகால்கள் தெருத் தெருவாக வந்தன. வடிப்பது மட்டும் போதாது, தேக்கவும் இடம் வேண்டும் என்று கிண்டி பந்தயத் திடலில் குளங்கள் வெட்டியபோதுதான் உங்கள் பேச்சு எனக்கு முழுதாகப் புரிந்தது.

2024 அக்டோபர் 11 ஆயுத பூசை, 15ஆம் தேதி பெருமழை. இடையில் நான்கே நாள். உடைத்த பூசணிக்காயும் வாழைக்கன்றும் வடிகாலின் வண்டல் தொட்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தன. விடியற்காலை ஐந்து மணிக்கு, குங்குமம் ஒட்டிய பூசணித் துண்டுகளைக் கையுறைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்த தூய்மைப் பணியாளர் அக்கா இருவரையும் மாடியிலிருந்து பார்த்தேன். காப்பி கொண்டு இறங்கி வருவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டீர்கள். அந்தக் காப்பி இன்னும் பாக்கி. மாநகராட்சிப் புகார் எண்ணான 1913க்கு நான் அழைத்தபோதெல்லாம் அலுக்காமல் பேசிய பெண்ணுக்கும் நன்றி. ஒரே இரவில் ஒன்பது முறை அழைத்தவள் நான்தான்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். மிக்ஜாம் அளவுக்குப் பெய்யவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது, மறுநாள் வடிந்தது. கீழ்வீட்டு மாமி கழிப்பறைக் குழிக்கு மேல் வழக்கம்போல மணல் மூட்டையைத் தூக்கி வைத்திருந்தார். பொங்கவில்லை. மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் மூட்டையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நான்தான் போய்ப் பேசி எடுக்க வைத்தேன்.

இந்த ஆயுத பூசைக்குப் பூசணிக்காய்களை உடைத்ததும் சாக்கில் கட்டி எங்கள் வீட்டுத் திண்ணையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லி அனுப்புங்கள். காப்பியும் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
வேப்ப மரத்துக்கு எதிர் வீட்டுக்காரி,
குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்