ஒரே ரயிலில் நாலு மாவட்டம்

அன்புள்ள பேச்சிமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவனுக்கு இங்கே பம்பாயில், தெற்குக் கோடியில் ஆபீஸ்கள் நிறைந்த ஃபோர்ட் பகுதியில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால், "ஆபீஸ் பக்கத்திலேயே சின்னதா ஒரு வீடு பாரு" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாயே, அதைப் படித்து எங்கள் வீட்டில் ஒரே சிரிப்பு.

பம்பாய் என்றாலே கூட்டம் பிதுங்குகிறது என்றுதானே ஊரில் பேச்சு? பையன் வேலைக்கு வருகிற நகர மாவட்டத்தில் 2001-ல் 33 லட்சத்துக்கு மேல் ஜனம். 2011-ல் 30.85 லட்சம்தான். இரண்டரை லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். அதே பத்து வருஷத்தில் பக்கத்துப் புறநகர் மாவட்டம் 86 லட்சத்திலிருந்து 93 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். நகரம் இன்னும் இறங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. பகலில் ஃபோர்ட் பக்கத்து சர்ச்கேட் ஸ்டேஷனில் நின்று பார்ப்பவன் இதை நம்பமாட்டான். அந்தக் கூட்டமெல்லாம் சாயங்காலம் ரயிலேறிப் போய்விடும்.

இரண்டு மாவட்டம் என்றதும் குழம்பாதே. மாநகராட்சி ஒன்றுதான், 1990-ல் மாவட்டத்தைப் பிரித்ததால் கலெக்டர் மட்டும் இரண்டு பேர். தெற்கே கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை நகர மாவட்டம். மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா, குர்லா எல்லாம் புறநகர். நம்ம திருநெல்வேலி ஜனம் நிறைந்த தாராவி, நகரத்து எல்லைக்குள் வடக்கு ஓரத்தில் இருக்கிறது.

நகரத்து ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்பாய். பழைய மில்கள் இருந்த பரேல், லால்பாக் பக்கம் போனால் பாதி பதில் கிடைக்கும். 1982-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்கப்புறம் பல மில்கள் எழுந்திருக்கவே இல்லை. ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் படுத்து, வராந்தாக் கோடியில் பொதுக் கக்கூஸுக்கு வாளியோடு வரிசையில் நின்ற சால் வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தன. அந்த இடங்களில் இன்றைக்கு மாலும் டவரும். ஃபீனிக்ஸ் மில்லில் புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், ஜனங்கள் அதன் அடியில் காபி குடிக்கிறார்கள். பழைய பகடி வீட்டில் (முன்பணம் கொடுத்துக் குடியேறும் பழைய வாடகை முறை) சொற்ப வாடகை கொடுத்தவன் பிள்ளைகள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் என்றதும் தூரத்து டோம்பிவிலிக்கும் விராருக்கும் போனார்கள். டவரில் ஃபிளாட் வாங்க அவர்களால் ஆகுமா?

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து ஒட்டவைத்த ஊர் இது. தூர்த்த இடமெல்லாம் தாழ்வு. மழைக்காலத்தில் இங்கே பேப்பரில் ஹை டைட் நேரம் போடுவார்கள். நாலரை மீட்டருக்கு மேல் கடல் ஏறுகிற நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் சாக்கடைத் தண்ணீர் கடலுக்குள் இறங்க வழியில்லை. தாதர் பக்கம் ஹிந்த்மாதாவில் முழங்காலளவு நிற்கும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மழை என்று நினைக்காதே. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, கொலாபாவில் வெறும் 73. கொலாபாக்காரனுக்கு அது சாதாரண நாள்.

நகரத்துக்குள் வீடு நமக்குக் கட்டுப்படியாகாது, அதனால் பையனுக்கு ஹார்பர் லைன் ரயில் பாதையில் பார்க்கலாம். ஃபோர்ட் பக்கத்து சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் ஏறினால் வடாலா தாண்டும் வரை நகரம், குர்லா, செம்பூர் புறநகர், வாஷி, நெருள் தாணே மாவட்டம், கார்கரிலிருந்து ராய்கட். ஒரே ரயிலில் நாலு மாவட்டம்! செம்பூரில் நம்மாட்கள் அதிகம், தோசைக்கும் கோயிலுக்கும் குறைவில்லை, ஆனால் வாடகை கடிக்கும். நெருள் என் தேர்வு. காற்றோட்டம் உண்டு, போக வர சுமார் இரண்டு மணி நேரம் ரயிலிலேயே போய்விடும், அதற்குத் தயாராக இருக்கட்டும்.

ஜூன் முதல் வாரத்துக்குள் வரச் சொல், மழை பிடித்துவிட்டால் வீடு தேடி அலைய முடியாது. வேலை உத்தரவும் ஆதார் நகலும் கையோடு வேண்டும். அக்ரிமென்ட் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. அட்வான்ஸ் எவ்வளவு முடியும் என்று உடனே எழுது, ஆள் ஒருவர் இருக்கிறார், பேசி வைக்கிறேன். மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுடலை