ஓவியச் சங்க ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஆயுத பூஜை வழக்கம்போல்.

அப்புறம், ஓவியச் சங்கத்துக்குக் கபடி மைதானத்தில் என்ன வேலை என்று சிலர் என் காதுபடவே கேட்ட விஷயம். நம் பிள்ளைகள் ஓடுகிற ஆளை வரையச் சொன்னால், போட்டோவுக்கு நிற்கிற ஆளைப் போட்டு முழங்காலை மட்டும் மடக்கிவிடுகிறார்கள். அதற்காகத்தான் கோடை விடுமுறையில் நான்கு ஞாயிறு காலை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. பாடிப் போனவர் திரும்புவதற்குள் படம் முடிய வேண்டும், ரப்பர் கிடையாது. முதல் வாரம் வெறும் கிறுக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் வாரம் கண்ணு மூக்கையெல்லாம் விட்டுவிட்டு, முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று ஒரே கோட்டில் பிடித்தார்கள். சிலம்பம் சுற்றியபோது கம்பை வரைய வேண்டாம், அது போன வட்டத்தை மட்டும் கரித்துண்டால் இழுங்கள் என்றேன்.

மழை பெய்த ஞாயிறு படம் காட்டினேன். பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ 1821இல் வரைந்த பந்தயக் குதிரைகள் நான்கு காலையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கும். 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையை எடுத்தபோது, கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும்போதுதான் நான்கும் தரையை விடுகின்றன என்று தெரிந்தது. "ஆனா சார், தப்பா வரைஞ்ச குதிரைதான் ஓடுது" என்றாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அன்றைக்கு வந்த செயற்குழு உறுப்பினர்கள், என்னையும் சேர்த்து, இரண்டு பேர்.

சாயத்தில் தோய்த்த பந்தை வேட்டியில் எறிந்து பார்த்ததில் பக்கத்துச் சுவர் பாழானது உண்மை. சுண்ணாம்பு அடித்த செலவு என் கைக்காசு, சங்கக் கணக்கில் வராது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போயிருக்கிறது. சந்தா பாக்கியுள்ளவர்கள் பெயரை நான் படிக்கப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும், பலர் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

மைதானம் தந்த கபடிக் குழுவுக்கும், சிலம்ப வாத்தியாருக்கும், டீக்கடைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டு வேறு யாராவது பொறுப்பேற்றால் அலமாரிச் சாவியை இன்றே கொடுத்துவிடுவேன். ஆனால் கபடிப் பையன்கள் இப்போதே, ஏப்ரலில் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்கள். 20 பரீட்சை அட்டையும் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் வேண்டும். முன்வரிசைக்காரர்கள் இரண்டு பேர் மனசு வைத்தால் போதும்.