லூபெக்கிலிருந்து அப்பாவுக்கு

லூபெக், ஜெர்மனி
16 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். போனில் நீங்கள் நாலு தடவை "ஹாங்? ஹாங்?" என்று கேட்டுவிட்டு, "சரி சரி" என்று அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அந்தச் "சரி"க்கு ஒன்றுமே காதில் விழவில்லை என்று அர்த்தம். முன்பு அது எனக்கு மகளாகத் தெரியும், இப்போது காதுக் கருவி பொருத்தும் தொழில் படிப்பவளாகவும் தெரியும். அதனால்தான் கடிதம். கண் நன்றாகத்தானே இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

தம்பியை ஜெர்மனிக்கு அனுப்ப ஒரு ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறான் என்றும், தறியை விற்றுக் கொடுக்கலாமா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள் என்றும் அம்மா சொல்லித் தெரிந்தது. விற்காதீர்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான் இங்கே எப்படி வேலைக்குள் வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். உங்களிடம் நான் அதை முழுசாகச் சொன்னதே இல்லை.

2021இல் வந்தபோது பி.காம் இருக்கிறதே, ஏதாவது கணக்கு ஆபீஸில் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதலில் மொழி. இங்கே குடியேறுபவர்களுக்கென்று ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். 600 மணி நேரம் ஜெர்மன், அதற்கு மேல் 100 மணி நேரம் இந்த நாட்டுச் சட்டமும் வரலாறும். அதை முடித்து, அடுத்த நிலையும் படித்துவிட்டு விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். அறுபத்து மூன்று போட்டேன். கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை. மற்றவர்களின் கடிதமெல்லாம் "வருந்துகிறோம்" என்றுதான் தொடங்கும். கடைசியில் அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கணக்கு எழுதுவது இந்த ஊர் வரிச் சட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது, நம் ஊர் டேலி (கணக்கு மென்பொருள்) அனுபவம் அவர்களுக்குப் புரியவும் இல்லை.

ஒரு கம்பெனியைத்தான் மன்னிக்க முடியவில்லை. "பழகிப் பாருங்கள், பிறகு வேலை" என்றார்கள். இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் பெட்டி கட்டினேன். தொழிலை அறிந்துகொள்ள நாமாக விரும்பிச் செய்கிற பயிற்சி மூன்று மாதம் வரை என்றால் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. நல்ல எண்ணத்தில் வைத்த சந்துதான், அதில் இப்படியும் புகுந்து வருகிறார்கள். பெட்டி கட்டுவதில் என்ன தொழிலை அறிந்துகொள்ள? உங்களிடம் அப்போது "ஆபீஸில் ட்ரெயினிங்" என்று சொன்னேன். பொய்.

அதற்கப்புறம்தான் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். நம் ஊர் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் மாதிரி பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிற இடம் இல்லை. தொழில்களைப் பற்றிச் சொல்வதற்கென்றே ஒரு கூடம் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், காசு கிடையாது. அங்கே இருந்த அம்மாள் என் சான்றிதழ்களை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் என்ன தொழில், சின்ன வயதில் கையால் என்னென்ன செய்தாய் என்று கேட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. விசைத்தறி, தார்க் கட்டையில் நூல் சுற்றினேன், அறுந்த இழையைப் பிணைத்தேன் என்று சொன்னேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, காது கேட்கும் கருவி பொருத்தும் கடை ஒன்றில் ஒரு வாரம் பழகிப் பார்க்க ஏற்பாடு செய்து கொடுத்தார்.

அந்தக் கடையின் மைஸ்டர் (நம் ஊர் பட்டறை மேஸ்திரி மாதிரி, ஆனால் பரீட்சை எழுதித்தான் அந்தப் பெயர் வாங்க முடியும்) மூன்றாம் நாள் ஒரு காது அச்சைக் கொடுத்தார், கருவியோடு சேர்த்துக் காதுக்குள் வைக்கக் காதின் வடிவிலேயே செய்வது. அதன் துளைக்குள் பொடிசான ஒரு குழாயைக் கம்பி வளையத்தில் மாட்டி இழுக்க வேண்டும். முந்தின நாள் ஒரு பையன் கால் மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வேலை. எனக்குத் தறி நாடாவின் கண்ணில் நூல் இழுக்கிற மாதிரியே இருந்தது. ஒரே இழுப்பு. அவர் ஒன்றும் பேசாமல் இன்னும் ஆறு அச்சைக் கொண்டு வந்து வைத்தார். வெள்ளிக்கிழமை, பயிற்சிக்குச் சேர்ந்துகொள்கிறாயா என்று கேட்டார். அறுபத்து மூன்று விண்ணப்பத்திலும் தறியைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை அப்பா.

இந்தப் பயிற்சிக்குத்தான் அவுஸ்பில்டுங் என்று பெயர், ஏஜென்ட் வாயில் புரளுகிற அதே சொல். கடையில் வேலை, பள்ளிக்கூடத்தில் பாடம், இரண்டும் கலந்து எனக்கு மூன்று வருடம். சம்பளம் உண்டு. நான் சேர்ந்த 2023இல் சட்டம் வைத்த அடிமட்டம் முதல் ஆண்டுக்கு மாதம் 620 யூரோ. இரண்டாம் ஆண்டில் அதற்கு மேல் 18 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 35 சதவீதம். தொகை கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் இங்கே வாடகை கொடுத்துத் தனியாக இருப்பவனுக்கு இது கைக்கும் வாய்க்குமே பற்றாது. மாப்பிள்ளை சம்பளம் இருந்ததால் எனக்குச் சமாளித்தது. தம்பிக்கு அப்படி ஆள் இல்லை என்பதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டான்.

முதலில் ஒன்று முதல் நாலு மாதம் வரை சோதனைக் காலம். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் அவர்களும் அனுப்பிவிடலாம், நாமும் கிளம்பிவிடலாம். அப்புறம் ஒரு நோட்டு. என்ன செய்தேன், என்ன கற்றேன் என்று எழுதி மைஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசிப் பரீட்சைக்கு உட்கார விட மாட்டார்கள். ஏழாம் வகுப்பு வீட்டுப்பாடம் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது.

பள்ளிக்கூடம்தான் விசேஷம். பெரும்பாலான தொழில்களுக்கு அந்தந்த ஊர்ப் பக்கமே இருக்கும். எங்கள் தொழிலுக்கு நாடு முழுவதும் இருந்து இந்த லூபெக்குக்கு வர வேண்டும். நாங்கள் இருக்கும் ராய்ட்லிங்கன் தெற்குக் கோடி, இது வடக்கே கடலுக்குப் பக்கம். ரயிலில் ஒரு பகல் போய்விடும். வாரக்கணக்கில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போவோம். இப்போது சாயங்காலம் நாலேகாலுக்கே இருட்டிவிடுகிறது. பாதாம் அரைத்துச் செய்கிற மார்சிபான் என்ற இனிப்புக்கு இந்த ஊர் பேர் போனது. அம்மாவுக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் பதினேழு வயதுப் பெண், பத்தாவது முடித்த கையோடு வந்தவள். அந்தப் பக்கம் சிரியாவில் மருந்துக் கடை நடத்தியவர், வயது நாற்பத்தொன்று. முன் வரிசையில் உக்ரைனில் பாட்டு வாத்தியாராக இருந்தவர், சுருதி பிசகினால் எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த ஒரு பையனும் இருக்கிறான். அவனை இங்கே யாரும் உருப்படாதவன் என்று சொல்வதில்லை. நம் தெருவில் என்றால் இந்நேரம் அவன் அப்பா வெளியே தலைகாட்டியிருக்க முடியாது.

எனக்குச் சிரமம் எண்கள்தான். பேச்சு எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனையில் எண்களையும், ஒரே அசையில் முடிகிற சொற்களையும் ஒலிக்கவிட்டுத் திரும்பச் சொல்லச் சொல்வோம். இவர்கள் ஐம்பத்து நாலு என்று சொல்ல மாட்டார்கள், நாலும் ஐம்பதும் என்பார்கள். வாடிக்கையாளர் சரியாகச் சொல்லியிருப்பார், நான் 45 என்று எழுதித் தப்புப் போட்டுவிடுவேன். முதல் வருடம் ஒரு கிழவி, "காது எனக்கா மந்தம், உனக்கா?" என்று கேட்டுவிட்டார். மைஸ்டர் சிரித்தார், நான் கழிவறைக்குப் போய் அழுதேன். இப்போது சிரிக்கத்தான் வருகிறது.

போன மாதம் துருக்கியிலிருந்து 1969இல் ஆலை வேலைக்கு வந்த ஒரு பெரியவர் எங்கள் கடைக்கு வந்தார். 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆளெடுத்து, 1973இல் நிறுத்திவிட்டார்கள். நடுவில் வந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். எங்கள் பக்கமும் ஒரு காலத்தில் நெசவு ஆலைகள் நிறைந்த ஊர்தான். அவருக்குச் சோதனை செய்து கோடு வரைந்தால், தாழ்ந்த சுருதி ஒலிகளில் நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் என்கிற உயர்ந்த சுருதிப் பக்கம் வந்ததும் பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் காதுக்கு இதுதான் அடையாளம். குரல் கேட்கும், சொல் பிரியாது. "எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்" என்றார். நீங்கள் சொல்கிற அதே வார்த்தை. இரைச்சல் 85 டெசிபெல் தாண்டினால் இங்கே காது மூடி போட்டே ஆக வேண்டும் என்று சட்டம். நம் பட்டறையில் நாம் காதில் பஞ்சுகூட வைத்ததில்லை.

சரி, தம்பி விஷயம். இந்தப் பயிற்சிக்கு இடம் கொடுப்பது இங்கேயுள்ள கடையோ கம்பெனியோதான், ஏஜென்ட் இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் அந்த விசா கிடைக்காது. காலி இடங்களெல்லாம் அரசாங்கத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. "மேக் இட் இன் ஜெர்மனி" என்ற அரசுத் தளத்தில் விசா விவரம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜென்ட் நம் அரசாங்கத்திடம் பதிந்திருக்க வேண்டும், கட்டணமாக முப்பதாயிரமும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். அவனிடம் பதிவு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள், பேச்சை மாற்றுவான்.

பணம் போட வேண்டிய இடம் மொழிதான். ஜெர்மனில் பி1 (அன்றாட விஷயங்களைத் தானே பேசிச் சமாளிக்கிற) நிலை வரைக்கும் படிக்கட்டும். சென்னையில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் மேக்ஸ் முல்லர் பவனில் பரீட்சை எழுதலாம். வருடம் ஒன்று ஆகும், ஆகட்டும். அதுவரை சும்மா இருக்காமல் ஐடிஐ சர்டிபிகேட்டை வைத்து ஒரு மில்லிலோ மின்வாரியத்திலோ அப்ரண்டிஸாகச் சேர முடியுமா என்று பார்க்கட்டும். இங்கே எலெக்ட்ரீஷியனுக்கு நல்ல கிராக்கி, ஆனால் என்ன செய்தாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். விண்ணப்பத்தில் தறி மோட்டாரைத் தானே கழற்றி மாட்டுவதை எழுதச் சொல்லுங்கள். அவன் எழுத மாட்டான், நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு வேலை உங்களுக்கு. ஈரோடு பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய் ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் அந்தக் கோட்டு வரைபடம்) எடுத்து, அந்தத் தாளை தம்பியைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு காதுக்கும் வேண்டும். ஜனவரியில் வரும்போது அச்சு எடுக்கிற பசையைக் கொண்டு வருகிறேன். காதுக்குள் குளிர்ச்சியாக இருக்கும், அஞ்சு நிமிஷம் தாடையை அசைக்காமல் உட்கார வேண்டும். அதற்கு முன்னால் காதில் எண்ணெய் விடாதீர்கள், அம்மா சொன்னாலும்.

உங்கள்
பாப்பா