பாம்புக்கு ஒரு தாலாட்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மாம்பழம் வர ஆரம்பித்துவிட்டது, மல்கோவா தீர்வதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

போன ஞாயிறு ஏற்காட்டில் சித்தப்பாவின் எஸ்டேட் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினோம். அதான், ஒருவர் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் கதைமாந்தர்களாகி, இருபது முகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம். நடத்தியது நான். ஆடியது என் பெரியவள், அவள் தோழிகள் இரண்டு பேர், பக்கத்து வீட்டுப் பையன். வெளியே சில்வர் ஓக் மரமே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். கதையிலும் அதே மலைதான். குகை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பாம்பு. வாளை எடுப்பார்கள் என்று அதன் உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு), கடி, விஷம் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். பெரியவள் சொன்னாள்: "அதுக்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறேன்."

எனக்குத் தெரிந்து அதற்கென்று ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் விதி கிடையாது. 1974-இல் கைகாக்ஸும் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் பதிப்பே மூன்று சின்னப் புத்தகங்கள்தானே. மீதியை அன்றைக்கும் ஆட்டம் நடத்துகிறவர்தான் இட்டு நிரப்பினார். ஆனால் எனக்குப் பயம். போன மாதம் இதே மாதிரி ஓர் இடத்தில் பகடை விழுந்த பிறகு, பையன் பிழைக்கட்டுமே என்று, ஜெயிக்க விழ வேண்டிய எண்ணைக் குறைத்துவிட்டேன். அவன் கண்டுபிடித்துவிட்டான். அப்புறம் அன்று முழுக்க அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை.

அப்போது ஞாபகம் வந்தது பாட்டி வீட்டுத் தாயம். வெட்டினால் மறு ஆட்டம் உண்டா, தாயம் போடாமல் காய் இறக்கலாமா என்று வீட்டுக்கு வீடு விதி மாறும். ஆனால் கட்டையை உருட்டுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள். பாட்டி நடுவில் மாற்றவே விடமாட்டாள்.

அதனால் பகடையை என் கையில் வைத்துக்கொண்டு விதியை வாய்விட்டுச் சொன்னேன். உயிர்ப்புள்ளி தீர்ந்து விழுந்தவருக்கு ஒரு விதி இருக்கிறதே, 10-உம் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி, மூன்று வெற்றி வந்தால் பிழைப்பார், அதற்குள் மூன்று தோல்வி வந்தால் போய்விடுவார் என்று. அதையே கடன் வாங்கினேன். அவர்களுக்குப் பழகிய விதி, புதிதாக விளக்க வேண்டியதில்லை. முதல் தோல்விக்குப் பாம்பு கண் திறக்கும், இரண்டாவதற்குத் தலை தூக்கும், மூன்றாவதற்குப் பாடுகிறவர் மேல் பாயும். நிஜமாகவே பாடினால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 55 விழுக்காடு வாய்ப்பு அப்படியே கிட்டத்தட்ட 80 ஆகிவிடும். "சம்மதமா?" என்றேன். எல்லாரும் சரி என்றார்கள்.

வெட்கத்தில் முதலில் யாரும் பாடவில்லை. இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. பாம்பு தலையைத் தூக்கிவிட்டது. அப்போது பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு, அம்மா அவளுக்குத் தொட்டிலில் பாடிய அதே ஆராரோவைப் பாடினாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. பகடை 4, 11. மூன்றாவது வெற்றி.

பையன்தான் முதலில் கத்தினான், மாப்ளே. அந்தச் சத்தத்துக்காகவே இந்த ஆட்டத்தை இன்னும் இருபது வருஷம் நடத்துவேன்.

இப்போது ஒரு சிக்கல். தூங்குகிற பாம்பை விட்டுவிட்டு வர மனசில்லையாம். வண்டியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம் வரை அது விழிக்காமல் கொண்டுபோக வேண்டுமாம். வளைவுக்கு ஒரு பகடை என்றால் சலித்துவிடும், மொத்தத்துக்கும் ஒன்று என்றால் சப்பென்று போய்விடும். நீ என்ன விதி வைப்பாய்? அடுத்த ஞாயிறுக்கு முன்னால் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்
சேலம்